எதிரே ஒரு முகம்

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். நீங்களும் அண்ணனும் நலமாக இருப்பீர்கள் என்று எழுதுவது வழக்கம். ஆனால் எனக்கு நிஜமாகவே தெரிய வேண்டும்: முட்டிவலி எப்படி இருக்கிறது? மருந்தக ஜன்னலில் உட்கார ஒரு ஸ்டூலாவது கேட்டு வாங்கினீர்களா?

நாங்கள் எழுதிய சதுரங்க நிரலோடு அண்ணன் ஆறு ஆட்டம் ஆடச் சம்மதித்திருப்பது உங்களுக்குத் தெரியும். மாதம் ஒரு ஆட்டம், எங்கள் ஆய்வகத்தில். தெரியாத செய்தி ஒன்று இருக்கிறது. பலகைக்கு எதிர்ப்பக்கம் உட்காரப்போவது நான்.

கணினிக்குக் கை கிடையாது. அண்ணன் ஒரு காயை நகர்த்தினால் அதை யாராவது தட்டச்ச வேண்டும். திரையில் பதில் வந்ததும் கணினிக்காக அந்தக் காயை எடுத்து வைக்க வேண்டும். அந்த ஆள் இரு தரப்புக்கும் சம்மதமானவராக இருக்க வேண்டும் என்பது விதி. பேராசிரியர் பட்டியலைக் காட்டியதும் அண்ணன் ஒரு நொடிகூட யோசிக்காமல் என்னைச் சொன்னாராம். முன்பின் தெரியாதவன் எதிரில் உட்கார்ந்தால் விளையாட வராது என்றாராம். நிரலை எழுதியவளே அதற்கு எதிராகக் கள்ளத்தனம் செய்யமாட்டாள் என்று பேராசிரியரும் ஒப்புக்கொண்டுவிட்டார். எனக்கு அன்று முழுக்க வேலையே ஓடவில்லை. அத்தனை பேரில் என்னைச் சொன்னாரே என்ற சந்தோஷம்.

இங்கே நிரலுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் மாப்பிள்ளை. கட்டடத்திலேயே அவர் இருக்கும் அறைக்கு மட்டும்தான் குளிர்சாதனம். அவர் யோசிக்கும்போது யாரும் சத்தம் போடக் கூடாது. கொஞ்சம் முறைத்துக்கொண்டால் எல்லோரும் கைகட்டி நிற்கிறோம். இரண்டு வருடமாக அவருடைய பிழைகளைத் தேடித் தேடித் திருத்தியவள் நான் என்பதால் மாமியார் என்று என்னைக் கேலி செய்கிறார்கள்.

ஒரு நிபந்தனைதான் உறுத்துகிறது. ஆறு ஆட்டமும் முடியும்வரை நானும் அண்ணனும் பேசக் கூடாது, எழுதிக்கொள்ளவும் கூடாது. எனவே உங்கள் கடிதம்தான் எனக்கு அண்ணன். ரயிலில் ஏறுமுன் அவர் சாப்பிட்டாரா என்பதுவரை எழுதுங்கள்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
சின்னு

*

பிப்ரவரி 11

அன்பு சின்னுவுக்கு,

இங்கே இருவரும் சுகம். ஸ்டூல் கொடுத்துவிட்டார்கள். அதில் ஒரு கால் குட்டை, அதனால் நிற்பதே மேல். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

உங்கள் மாப்பிள்ளையைப் பற்றிப் படித்துச் சிரித்தேன். பேசாது, சாப்பாட்டில் குறை சொல்லாது, தோற்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாது. இப்படி ஒருவன் எனக்குக் கிடைக்கவில்லையே.

சிரித்தாயிற்று. இனி எழுதுவதைப் படித்துவிட்டுக் கிழித்துப் போட்டுவிடு.

இரண்டு வருடத்துக்கு முன் சதுரங்கப் போட்டியில் தன் வயதில் பாதிகூட இல்லாத ஒருவனிடம் தோற்றுவிட்டு வந்தாரே, அப்போது உன் அண்ணனுக்குக் காய்ச்சல் என்று உனக்கு எழுதியிருந்தேன். காய்ச்சல் இல்லை. மாதக்கணக்கில் பேச்சே இல்லை. ஒரு நாள் வேலை முடிந்து வந்தால், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின்மேல் கால் இரண்டையும் வெளிப்பக்கம் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கிறார். என்ன செய்கிறீர்கள் என்றேன். காற்று வாங்குகிறேன் என்றார். நானும் பக்கத்தில் நின்று காற்று வாங்கினேன், அவர் சட்டையின் பின்பக்கத்தைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு. அதற்குப் பிறகு மாடிக் கதவில் பூட்டு. அவருடைய தூக்க மாத்திரை வீட்டில் இருப்பதில்லை. மருந்தகத்தில் என் அலமாரியில் வைத்து, தினம் ஒன்று கைப்பையில் கொண்டுவருகிறேன்.

மனிதனிடம் தோற்றதற்கே அப்படி. ஒரு பெட்டியிடம் தோற்றால் என்ன ஆகும்? வேண்டாம் என்று கெஞ்சிப் பார்த்தேன். பயந்து ஒதுங்கிவிட்டான் என்று ஊர் சொல்வதற்கு இது தேவலை என்கிறார்.

ஆட்டத்தன்று அவர் என் கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருப்பார். அங்கே நீதான் எனக்குக் கண். பார்த்ததைப் பார்த்தபடி எழுது.

உன் அண்ணி

*

மார்ச் 6

அன்புள்ள அண்ணிக்கு,

சுகம் விசாரிப்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். அண்ணன் ஜெயித்துவிட்டார். இந்நேரம் வீடு வந்து சேர்ந்து அவரே சொல்லியிருப்பார். ஆனாலும் நீங்கள் சொன்னபடி, பார்த்ததைப் பார்த்தபடி.

உங்கள் கடிதத்தை அன்றே கிழித்துவிட்டேன். கிழித்தும் பயனில்லை, எழுத்து எழுத்தாக மனத்தில் நிற்கிறது. அந்த நினைப்போடுதான் போய் உட்கார்ந்தேன். என் பக்கம் ஒரு சின்ன மேசையில் திரை. அது அண்ணனுக்குத் தெரியாது. மாப்பிள்ளையின் நகர்வு பெரிய எழுத்தில் வரும். அதன் கீழே ஒரு எண். தான் ஜெயிக்கிற நிலையில் இருப்பதாக மாப்பிள்ளை நினைத்தால் அது மேலே ஏறும், தோற்கிற நிலை என்றால் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும். அண்ணன் யோசிக்கும் நேரத்தில் இன்னொரு வரியும் தெரியும்: அவர் ஆடக்கூடியவற்றில் எந்த நகர்வு தனக்கு ஆபத்து என்று மாப்பிள்ளை கருதுகிறது என்பது. அதைப் பார்க்கிற ஒரே ஆள் நான்.

அண்ணன் தொடக்கத்தில் மெதுவாக ஆடினார். வலது கையைக் காய்களுக்கு மேலே ஒரு விரல் உயரத்தில் வைத்து, தொடாமல், ஒவ்வொன்றாகத் தடவுவதுபோல் கொண்டுபோவார். இது அவருக்குப் புதுப் பழக்கம், முன்பு பார்த்ததில்லை. தொட்டுவிட்டால் அந்தக் காயைத்தான் ஆட வேண்டும், அதனால் இவ்வளவு ஜாக்கிரதை என்று நினைத்தேன். நடு ஆட்டத்தில் எண் கீழே இறங்க ஆரம்பித்தது. அதன்பின் ஒவ்வொரு முறையும் சரியான காயில் போய் அவர் கை இறங்கியது. மந்திரம் போட்டதுபோல் இருந்தது.

எனக்குச் சந்தோஷம்தான், கேட்கவா வேண்டும். ஆட்டம் முடிந்து ஆட்டத்தாளில் கையெழுத்துப் போடும்போது என்னை ஒரு தடவை பார்த்தார். எப்போதும் பார்க்கிற அண்ணன் பார்வை இல்லை. கடையில் தராசு முள்ளைப் பார்ப்போமே, அப்படி.

திரையைப் பார்த்துப் பார்த்துக் கண் எரிகிறது. கறுப்புச் சாயம் போட்ட கண்ணாடி எழுதிக் கொடுத்திருக்கிறார் கண் மருத்துவர். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? இப்போதாவது நன்றாகத் தூங்குகிறீர்களா?

அன்புடன்,
சின்னு

*

மார்ச் 19

அன்பு சின்னுவுக்கு,

நாங்கள் நலம். இந்த முறை வழக்கத்துக்காக எழுதவில்லை, உண்மையாகவே நலம். வீட்டில் சீட்டி அடிக்கும் சத்தம் கேட்டுப் பயந்துபோய் எட்டிப் பார்த்தேன். உன் அண்ணன் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். கல்யாணமாகிப் பத்து வருடத்தில் அந்தக் கொடி அவரைப் பார்த்ததே இல்லை.

எப்படி ஜெயித்தீர்கள் என்று கேட்டேன். சின்னு எதிரில் இருக்கும்வரை எனக்குக் கவலை இல்லை என்றார். அதற்கு மேல் கொஞ்சம் சொன்னார். ஆட்ட நுணுக்கம், எனக்கு எங்கே புரியப்போகிறது. அது இருக்கட்டும்.

புதுக் கண்ணாடி பற்றி நீ எழுதியதைச் சொன்னேன். ஆறு ஆட்டமும் முடியும்வரை அதைப் போட வேண்டாம், பழையதே இருக்கட்டும் என்று சொல்லச் சொன்னார். கறுப்புக் கண்ணாடி உனக்கு எடுக்காதாம். ஆண்பிள்ளைகளுக்கு இந்த அக்கறையெல்லாம் எப்போதிலிருந்து வந்தது என்று தெரியவில்லை. ஆனால் நீயும் கேட்டுக்கொள். கண்ணுக்குச் சொட்டு மருந்து அனுப்புகிறேன், படுக்கும் முன் விட்டுக்கொள்.

உன் அண்ணி

*

மே 24

அன்புள்ள அண்ணிக்கு,

சொட்டு மருந்து வந்தது. கண் தேவலை. உங்கள் முட்டி எப்படி இருக்கிறது?

ஏப்ரலில் அண்ணன் ஜெயித்ததும் இந்த மாதம் ஆட்டம் சமனில் முடிந்ததும் உங்களுக்குத் தெரியும். மூன்று ஆட்டத்தில் இரண்டரைப் புள்ளி. இன்னும் ஒரே ஒரு வெற்றி போதும், போட்டி அவருடையது. நேற்றுவரை இதை நினைத்துத்தான் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்துகொண்டிருந்தது.

நேற்று மாலை ஆய்வகத்தில் மூன்றாவது ஆட்டத்தின் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். ஆவணத்துக்காக எடுத்தது, சத்தம் கிடையாது. எல்லோரும் டீயும் கையுமாக உட்கார்ந்து பார்த்தோம். என்னை நானே பார்க்க வெட்கமாக இருந்தது. திரையைப் பார்ப்பேன், பலகையைப் பார்ப்பேன். அண்ணன் கை ஆபத்தான காய்க்கு மேலே வரும்போது என் கீழுதடு உள்ளே போய்விடுகிறது. கை தாண்டிப் போனதும் வெளியே வருகிறது. எங்கள் பொறியாளர் ஒருவர் இருக்கிறார், ஒல்லி என்று கூப்பிடுவோம். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்:

“சதுரங்கமே தெரிய வேணாம்யா. இவங்க உதட்டைப் பாத்தா போதும், மாப்பிள்ளைக்கு எங்க வலிக்குதுன்னு தெரிஞ்சிடும்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போதுதான் அண்ணன் கண்களைக் கவனித்தேன். கை பலகைமேல் மெதுவாக நகர்கிறது. கண் பலகையில் இல்லை. என் முகத்தில் இருக்கிறது. என் உதடு உள்ளே போகிறது. அவர் கை அங்கேயே இறங்குகிறது.

மற்றவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்ததால் அவரைப் பார்க்கவில்லை. படம் முடிந்து விளக்குப் போட்டதும் டீயைக்கூடக் குடிக்காமல் அறைக்கு வந்துவிட்டேன்.

அண்ணி, விடுதியில் என்னோடு இருந்த பெண் ஒருத்தி சொல்வாள்: நீ கதை படிப்பதைப் பார்த்தாலே அதில் யார் செத்தார்கள் என்று தெரிந்துவிடும் என்று. அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது பழமொழி. என் விஷயத்தில் அகத்தில் இருக்கும் அழுக்கு, அலங்கோலம் எல்லாமே தெரிந்துவிடுகிறது. இது அண்ணனுக்குத் தெரியாதா? அந்தப் பட்டியலில் யோசிக்காமல் என் பெயரைச் சொன்னது இதற்காகத்தானா?

உங்களிடம் அவர் கொஞ்சம் சொன்னதாக எழுதியிருந்தீர்களே, அது என்ன?

பதிலை எதிர்பார்க்கும்,
சின்னு

*

ஜூன் 8

அன்புள்ள அண்ணிக்கு,

என் கடிதம் வந்ததா? உங்களுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா? ஒரு வரி போதும்.

சின்னு

*

ஜூன் 17

அன்பு சின்னுவுக்கு,

இருவரும் சௌக்கியம். உன் கடிதங்கள் வந்தன. இங்கே ஒரே காய்ச்சல் சீசன், ஜன்னலில் வரிசை தெருவரைக்கும் நிற்கிறது. அதோடு குளியலறைக் குழாய் ஒழுகி, ஆள் வரவழைத்து, அவர் இன்னொன்றை உடைத்துவிட்டுப் போய், வேறு ஆள் வரவழைத்தோம். உன் அண்ணன் எடை கூடியிருக்கிறார். போன வாரம் பழைய நண்பர்கள் இரண்டு பேரைத் தானாகவே வீட்டுக்குக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தார். நான் சமையலறையில் நின்று அந்தப் பேச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். என்ன பேசினார்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சத்தம் மட்டும்தான் வேண்டியிருந்தது.

மழை வருகிறது. மாடியில் துணி கிடக்கிறது. ஆமாம், இப்போது மாடிக் கதவைப் பூட்டுவதில்லை.

நீ எதையும் மாற்றிக்கொள்ள வேண்டாம்.

உன் அண்ணி

*

ஜூன் 30

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். நீங்கள் பதில் எழுதாததே எனக்குப் பதிலாகிவிட்டது.

உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை. உங்கள் இடத்தில் நானிருந்தாலும் குழாய் ஒழுகுவதைப் பற்றித்தான் எழுதியிருப்பேன். ஆனால் எனக்கு அந்த நாற்காலியில் அப்படியே போய் உட்கார முடியவில்லை. பேராசிரியரிடம் சொன்னால் அண்ணன் பெயர் நாறிவிடும். சொல்லாமல் உட்கார்ந்தால் எங்கள் இரண்டு வருட வேலைக்கு நானே குழி பறிக்கிறேன். யாருக்கும் எதுவும் சொல்லாமல் முகத்தை மட்டும் மாற்றிக்கொள்வது என்று முடிவு செய்தேன். அறைக் கண்ணாடி முன் உட்கார்ந்து பழகினேன். கெட்ட செய்தியை நினைத்துக்கொண்டே உதட்டைச் சும்மா வைத்திருப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? கடைசியில் ஒரு வழி கிடைத்தது. திரையைப் பார்த்ததும் பதினேழாம் வாய்ப்பாட்டை மனத்துக்குள் சொல்ல ஆரம்பித்துவிடுவது.

நான்காவது ஆட்டத்தில் அண்ணன் கை பழையபடி பலகைமேல் உலாவியது. கண் என் முகத்தில். நான் பதினேழில் இருந்தேன். கை ஒரு சுற்று போய்வந்தது, மறுபடி ஒரு சுற்று. இருட்டில் சுவிட்சைத் தேடுகிறவர்போல் தேடினார், அண்ணி. கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது. பலகையைப் பார் அண்ணா என்று கத்த வேண்டும்போல் இருந்தது. ஏனென்றால் அது ஒன்றும் கஷ்டமான நிலை இல்லை. பழைய அண்ணன் என்றால் டீ ஆறும் முன்னே கண்டுபிடித்திருப்பார். மூன்று மாதமாக என் முகத்தைப் பார்த்து ஆடியதில் பலகையைப் பார்ப்பதே அவருக்கு விட்டுப்போயிருக்கிறது. அல்லது, தான் பார்ப்பதை அவரே நம்பவில்லை.

தோற்றுவிட்டார். கை கொடுக்கும்போது அவர் விரல்கள் சில்லென்று இருந்தன. என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

பத்திரமாக வீடு வந்து சேர்ந்தாரா? தயவுசெய்து உடனே எழுதுங்கள்.

சின்னு

*

ஜூலை 9

சின்னு,

வந்து சேர்ந்தார். உடம்புக்கு ஒன்றுமில்லை.

உடம்பு என்றுதான் எழுதினேன். ரயிலிலிருந்து வந்தவர் செருப்பைக் கழற்றாமல் நேரே குளியலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் வந்து பார்க்கும்போது உடுப்போடு நனைந்து, உதடு நீலம் பாரித்துக் கிடந்தார். துவட்டிவிட்டேன். குழந்தை மாதிரி கையைத் தூக்கச் சொன்னால் தூக்கினார். அன்றிலிருந்து பேச்சு இல்லை. மருந்தகத்துக்கு விடுப்புப் போட்டிருக்கிறேன். மாடிக்கு மறுபடி பூட்டு. சமையலறைக் கத்தியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவைத்திருக்கிறேன். காய் நறுக்க வேண்டுமென்றால் போய் வாங்கி வருகிறேன். அவர்கள் என்னைப் பற்றி என்ன நினைக்கிறார்களோ.

நீ கேட்டதற்கு இப்போது பதில். முதல் ஆட்டம் முடிந்து வந்த அன்றே என்னிடம் சொல்லிவிட்டார். எதிரில் ஒரு முகம் இருந்தால் அதையும் படிப்பதுதான் ஆட்டம், காலமெல்லாம் எல்லோரும் அப்படித்தான் ஆடியிருக்கிறார்கள், பெட்டிக்கு முகம் இல்லை என்பதால் அது எனக்கு ஒரு முகம் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான் என்றார். எனக்கு அது நியாயமா என்று தெரியாது. தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை. அவர் சாப்பிட்டார், தூங்கினார், சீட்டி அடித்தார். எனக்கு அது போதுமாக இருந்தது.

நீ வருத்தப்படுவாய் என்று தெரியும். அண்ணன் என்னைப் பாசத்தில் கேட்கவில்லையே என்று நினைப்பாய். பாசம் இல்லாமல் ஒருத்தி முகத்தை இவ்வளவு துல்லியமாக மனப்பாடம் செய்ய முடியுமா என்று யோசித்துப் பார்.

நான் உன்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். உன் பழைய முகத்தோடு போய் உட்கார். ஒரே ஒரு ஆட்டம். அவர் ஜெயிக்கட்டும், எல்லாம் முடியட்டும். பாவமென்றால் அது என் கணக்கில் இருக்கட்டும்.

அண்ணி

*

ஆகஸ்ட் 2

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணன் எப்படி இருக்கிறார்? வீட்டுக்கு வந்துவிட்டார் என்று உங்கள் தந்தி சொன்னது. அதற்கு மேல் தந்தியில் இடமில்லை.

ஐந்தாவது ஆட்டத்தில் நீங்கள் சொன்னபடிதான் செய்தேன். அதை முதலில் நம்புங்கள். பதினேழாம் வாய்ப்பாட்டைத் தொடவில்லை. முகத்தை அதன் போக்கில் விட்டுவிட்டேன். அதனால்தான் அவர் தோற்றார்.

எப்படி என்று சொல்கிறேன். நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும், அவரும் அறிந்துகொள்ள வேண்டும்.

ஆட்டம் சமமாகப் போய்க்கொண்டிருந்தது. அவர் முறை. யானைகளை வெட்டிக்கொண்டால் சமன், ஆபத்தே இல்லை. அவர் கை யானைக்கு மேலே வந்து நின்றது. எனக்கு நிம்மதி. முகத்தில் எதுவும் இருந்திருக்காது. பிறகு கை குதிரைக்கு மேலே போனது. குதிரையைப் பலிகொடுத்து ராஜாமேல் பாய்வது. பார்க்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் மாப்பிள்ளை அதற்கு ஒரு பதில் வைத்திருந்தது, கீழ்வரியில் தெரிந்தது. குதிரை போனால் அண்ணன் கதை முடிந்தது. குளியலறைத் தரை, நனைந்த சட்டை, பக்கத்து வீட்டில் இருக்கிற கத்தி, எல்லாம் ஒரே நேரத்தில் என் கண்முன் வந்தன. என் உதடு உள்ளே போனதை நானே உணர்ந்தேன்.

அவர் அதைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு அண்ணன் முகத்தில் அந்த வெளிச்சம். குதிரையைத் தூக்கி உறுதியாக வைத்தார்.

முதல் மூன்று ஆட்டத்திலும் அதே உதடுதான், அதே பயம்தான். ஆனால் அப்போது நான் பயந்தது மாப்பிள்ளைக்காக. இதை உங்களுக்கு நான் எழுதவே இல்லை. அண்ணன் ஜெயித்தபோது சந்தோஷம் என்று எழுதினேன். இருந்தது, ஆனால் அதற்கு அடியில், நான் வளர்த்தது தோற்கிறதே என்று ஒரு வலியும் இருந்தது. அவர் படித்தது அந்த வலியை. சரியாகத்தான் படித்தார். உங்கள் ஜூலைக் கடிதத்துக்குப் பிறகு மாப்பிள்ளை எனக்கு வெறும் பெட்டியாகிவிட்டது. என் பயம் முழுக்க அவர் பக்கம் வந்துவிட்டது. அது அவருக்குத் தெரியாது. முகத்தில் பயம் தெரியும், யாருக்காக என்பது தெரியாதே.

இப்போது ஆளுக்கு இரண்டரை. கடைசி ஆட்டம்தான் மிச்சம். இதை அவரிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். என்னால் எழுதவும் முடியாது, பேசவும் முடியாது. சொல்வது ஆபத்தா, சொல்லாதது ஆபத்தா என்று எனக்குத் தெரியவில்லை. அவரை விட்டு நகராதீர்கள்.

சின்னு

*

ஆகஸ்ட் 15

அன்பு சின்னுவுக்கு,

இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

சொல்லிவிட்டேன். நாள் பார்த்து, நேரம் பார்த்து, தள்ளிப்போட்டு, கடைசியில் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருக்கும்போது சொன்னேன். கையில் ஏதாவது வேலை இருந்தால்தான் எனக்குத் தைரியம் வரும். அவர் என் கையிலிருந்த சட்டையை வாங்கிக் கீழே வைத்தார். அப்புறம் கேட்டார்:

“அவளுக்கு எல்லாத்தையும் நீ சொல்லிட்டியா? மாடி, குழாய் எல்லாம்?”

ஆமாம் என்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. போய்ப் பலகையை எடுத்து வைத்துக் காய்களை அடுக்கினார். அன்றிலிருந்து தினமும் தனியாக ஆடுகிறார். சாப்பிடுகிறார். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறார். நல்லதா கெட்டதா என்று என்னால் சொல்ல முடியவில்லை, சின்னு. அமைதியாக இருக்கிறார். சில நோயாளிகள் கடைசியில் இப்படி அமைதியாவதை மருத்துவமனையில் பார்த்திருக்கிறேன், குணமாகிறவர்களும் இப்படித்தான் அமைதியாவார்கள்.

ஆளை மாற்றச் சொல்லட்டுமா என்றேன். வேண்டாம், அவளே உட்காரட்டும் என்றார்.

உன் அண்ணி

*

செப்டம்பர் 4

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணன் என் அறையில்தான் இருக்கிறார். உயிரோடு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல். இதை முதலில் எழுதிவிட்டேன், மீதியை நிதானமாகப் படியுங்கள். தந்தியில் இவ்வளவுக்கும் இடமில்லை, அதனால் ஒல்லி இன்று மாலை ரயிலில் உங்கள் ஊருக்குக் கிளம்புகிறார். காலையில் மருந்தக ஜன்னலுக்கு வந்து இதைக் கையில் கொடுப்பார்.

கடைசி ஆட்டத்துக்கு முன் ஒல்லியிடம் கேட்டு, திரையின் கீழ்ப்பாதியை அட்டை வைத்து மறைக்கச் செய்தேன். கண் எரிகிறது என்று காரணம் சொன்னேன். நகர்வு மட்டும் தெரியும், எண் தெரியாது. எனக்கே ஒன்றும் தெரியாவிட்டால் என் முகத்தில் என்ன இருக்கப்போகிறது.

அது தேவைப்படவே இல்லை. அண்ணன் என்னை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு பலகையை மட்டும் பார்த்து ஆடினார். எனக்குத் தெரிந்த பழைய அண்ணன். இடையில் அவர் வைத்த ஒரு சிப்பாயைப் பார்த்துவிட்டுப் பேராசிரியரே நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். நெடுநேரம் யார் பக்கம் சாய்கிறது என்றே தெரியவில்லை. கடைசியில் மாப்பிள்ளைதான் ஜெயித்தது. எந்தத் தப்பும் இல்லாமல் தோற்றார், அண்ணி. அதைவிடப் பெரிய பயம் எனக்கு வேறு இல்லை. தப்புச் செய்திருந்தால் அதைத் திருத்திக்கொள்ளலாம் என்றாவது நினைத்துக்கொள்ள முடியும்.

கை கொடுத்தார். கையெழுத்துப் போட்டார். எல்லோரும் எங்களைச் சூழ்ந்துகொண்டு என் முதுகில் தட்டிக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் பார்த்தால் அவரைக் காணவில்லை. ரயில் நிலையத்துக்கு ஓடினேன், அங்கே இல்லை. ஆற்றுப் பாலத்துக்கு ஓடினேன். அந்த ஓட்டத்தைப் பற்றி இப்போது எழுத மாட்டேன். திரும்பி வந்தால் என் அறை வாசல்படியில் உட்கார்ந்திருக்கிறார். பூட்டியிருந்தது, அதான் உட்கார்ந்துட்டேன் என்றார்.

உள்ளே வந்து என் கட்டிலில் உட்கார்ந்தார். ஏழு மாதத்துக்குப் பிறகு எங்களுக்குள் முதல் பேச்சு. அவர்தான் ஆரம்பித்தார்:

“இத்தனை நாளா உன் மூஞ்சியை நான் படிச்சேன். இப்ப நீ படி. என் மூஞ்சியில என்ன தெரியுது, சொல்லு பாப்போம்.”

பார்த்தேன். என்ன தெரிந்தது என்று எழுத மாட்டேன். கைப்பிடிச் சுவர்ப் பக்கத்தில் நின்று காற்று வாங்கியபோது நீங்கள் பார்த்ததுதான்.

“பசி தெரியுது” என்றேன்.

என் முகத்தையே உற்றுப் பார்த்தார். நான் வாய்ப்பாடு எதுவும் சொல்லவில்லை, எதையும் அடக்கவில்லை. உதடு அசையவில்லை. அது எப்படி நடந்தது என்று எனக்கே தெரியாது. பிறகு அவர் சிரித்து, சரியாச் சொன்ன, ஏதாவது போடு என்றார். சாதம் வைத்து, இருந்ததைப் போட்டேன். இதோ எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். யாருக்கு எழுதுகிறாய் என்று கேட்டார். அலுவலகத்துக்கு விடுப்பு என்றேன். அதற்கும் தலையாட்டினார்.

நம்பிவிட்டார், அண்ணி. நான் பேச ஆரம்பித்த நாளிலிருந்து என் முகத்தில் ஒரு சின்னப் பொய்யைக்கூடத் தப்பவிடாதவர், இன்று இரண்டை நம்பிவிட்டார். இல்லையென்றால் நம்பியதாக எனக்குக் காட்டுகிறார். எது என்று எனக்குப் படிக்கத் தெரியவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே நடுநடுவே என்னைப் பார்த்துச் சிரிக்கிறார், நானும் சிரிக்கிறேன். நீங்கள் வரும்வரை சிரித்துக்கொண்டே இருப்பேன்.

முட்டிவலியோடு வரச் சொல்கிறேன், மன்னியுங்கள். அடுத்த ரயிலில் வாருங்கள்.

சின்னு